பின்பாரம்

எங்கள் வீட்டுப் புல்தரை இரண்டு பாய் விரித்தால் முடிந்துவிடும். அதை வெட்டுவதற்கு நான் ஏறியிருந்து ஓட்டுகிற புல்லுவெட்டி வாங்கினேன். ரொக்ஸ்பரோவில் எங்கள் தெருக்காரர் எல்லோரும் கையால் தள்ளிக்கொண்டு போகும்போது, நான் ஒருவன் மட்டும் ஸ்டியரிங் பிடித்தபடி ஏழு நிமிடத்தில் வெட்டி முடிப்பேன். ஏழு நிமிடத்தில் இறங்கினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று, வெட்டிய இடத்தையே இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றுவேன். என் மனைவி புஷ்பராணி குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் நிற்பதைத்தான் நான் இருபத்தாறு வருடமாகப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அந்த வண்டியின் முன்னால், பனியை அள்ளி வீசுகிற ஸ்னோபுளோவர் பூட்டலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கோபத்தில் நானாகவே கண்டுபிடித்தேன். கோபம் வந்தால் எனக்கு யோசனைகள் நிறைய வரும். நல்ல யோசனைகள் வரும் என்று சொல்லவில்லை.

கோபம் சவிரிமுத்துவோடு. அவர் மன்னார்க்காரர். குளிர்காலத்தில் டிராக்டர் கொண்டுவந்து எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குப் பனி அள்ளுகிறவர். எங்கள் வீட்டுக்கும் எட்டு வருடமாக அவர்தான். போன பங்குனியில் ஒரு பிறந்தநாள் விழாவில், பத்துப் பேர் சுற்றிவர நிற்கும்போது, பனியை எந்தப் பக்கம் குவிக்க வேண்டும் என்று அவருக்கு நான் விளங்கப்படுத்தத் தொடங்கினேன். கையும் காலும் ஆட்டித்தான் விளங்கப்படுத்தினேன். அவர் ரோல்சைக் கடித்தபடி, "அண்ணை, நீங்கள் உள்ளுக்கு இருந்து ரீயைக் குடியுங்கோ. இது உங்களுக்குச் சரிவராத வேலை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, அடுத்த வருடம் அவர் வரத் தேவையில்லை என்று செய்தி அனுப்பினேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் லொங்குய்யில் ஒரு மருந்துக் கிடங்கில் பாதுகாப்புப் பொறுப்பாளர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாள் நான் சொல்வது ஒன்றுதான்: கையேட்டை முழுதாக வாசிக்காமல் ஒருவரும் சாவியில் கை வைக்கக்கூடாது. பிரெஞ்சிலும் சொல்வேன், ஆங்கிலத்திலும் சொல்வேன். விரலை நீட்டியும் சொல்வேன்.

ஐப்பசிக் கடைசியில் நான் வாங்கிய ஸ்னோபுளோவர் பெட்டியில் வந்தது. கையேடு எண்பது பக்கம். நான் படங்களைப் பார்த்தேன்.

நான்கு மணித்தியால வேலை என்று முதற்பக்கத்தில் போட்டிருந்தார்கள். எனக்கு மூன்று சனி ஞாயிறு எடுத்தது. முதலில் புல்லு வெட்டுகிற தட்டை வண்டியின் அடியிலிருந்து கழற்ற வேண்டும். அதைக் கழற்றும்போது அது என் கால்பெருவிரலில் விழுந்தது. பிறகு வண்டியின் முன்புறம் ஒரு இரும்புச் சட்டம் பூட்ட வேண்டும். அதை ஒருமுறை தலைகீழாகவும் ஒருமுறை நேராகவும் பூட்டினேன். எஞ்சினிலிருந்து முன்னால் ஓடுகிற பெல்ட்டை இரண்டுமுறை மாறிப் போட்டேன். கடைசியில் நாற்பத்திரண்டு அங்குல அகலத்தில் ஒரு வாய், அதற்குள் இடமும் வலமுமாகப் பனியை அள்ளுகிற இரும்புச் சுருள்கள், மேலே பனியைத் துப்புகிற குழாய் எல்லாம் பூட்டி முடிந்தபோது, சின்னப் பிளாஸ்டிக் பையில் இரண்டு போல்ட் மிஞ்சியிருந்தன.

"பாத்தீரே ராணி" என்றேன். "அவங்கள் தந்ததிலை குறைச்சே பூட்டி முடிச்சிட்டன்."

"சும்மா தந்திருக்க மாட்டினம். புத்தகத்தை ஒருக்கால் பாருங்கோவன்."

"பேந்து பாப்பம்."

குசினி மூலையில் எங்கள் சாமித்தட்டு வைகாசி மாதத்திலிருந்து ஒரு பக்கம் சரிந்துகொண்டிருந்தது. பிள்ளையார் மெல்லமெல்ல முருகனை இடித்துக்கொண்டு நின்றார். பூட்டித்தாருங்கோ என்று அவள் கேட்கிற ஒவ்வொரு முறையும் பேந்து என்றுதான் சொல்லிவந்தேன். அந்த இரண்டு போல்ட்டும் தட்டின் துளைக்கு அளவெடுத்த மாதிரிப் பொருந்தின. இறுக்கிவிட்டு, ஒரே நாளில் இரண்டு வேலை முடித்த மனிதனாக நடந்து திரிந்தேன்.

பேந்து என்ற சொல் எங்கள் வீட்டில் எனக்குச் சொந்தமானது. பிறகு என்று அர்த்தம். ஆனால் எப்போது என்று அதற்குள் இல்லை, அதுதான் அதன் வசதி. புஷ்பராணி கார் ஓட்டப் பழக வேண்டும் என்று முதன்முதலில் கேட்டபோது எங்கள் மகள் சாம்பவி தொட்டிலில் கிடந்தாள். பேந்து பழகலாம் என்றேன். சாம்பவி பள்ளிக்கூடம் போனபோது மறுபடி கேட்டாள். நான் இருக்கிறேன்தானே, எங்கே போகவேண்டும் சொல்லும், கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். நான் வேலையில் நிற்கும் நேரங்களில் அவள் பஸ்ஸில் போனாள். பிறகு சாம்பவி லைசென்ஸ் எடுத்துத் தாயை ஏற்றியிறக்கினாள். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு ஒட்டாவாவில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அடுத்த கிழமையே புஷ்பராணி என்னைக் கேளாமல் தானாகப் போய் ஓட்டுநர் பள்ளியில் பதிந்துவிட்டு வந்தாள்.

இரண்டு முறை வீதிச் சோதனையில் தவறினாள். முதல்முறை, பச்சை விளக்கில் ஒரு அணில் கடந்து முடியும்வரை காத்து நின்றாளாம். இரண்டாம் முறை பார்க்கிங். மூன்றாவது சோதனை மார்கழி முதல் திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு. அவள் சமைக்கிற கார்டெறி என்கிற குழந்தைகள் காப்பகம், தை மாதத்திலிருந்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோவை விட்டுப் பஸ் போகாத ஒரு தொழிற்சாலை வீதிக்கு மாறுகிறது. காலை ஆறு மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். அந்த நேரம் நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிடங்கில் நிற்பேன். இந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த திகதி பங்குனியில்தான். அதற்குள் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விடும். பதினொரு வருடமாக அறுபது குழந்தைகளுக்குச் சோறும் சூப்பும் கொடுத்த வேலை அது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த ஞாயிறும் திங்களும் செய்ததைச் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இயந்திரத்துக்கு வெள்ளோட்டம் வைத்தேன். பனி கொட்டப் போகிறது என்று செய்தியில் சொல்லிவிட்டார்கள், அதற்கு முன் நல்ல நேரத்தில் தொடங்க வேண்டும். கோயில் ஐயரைத்தான் முதலில் கேட்டேன். புல்லுவெட்டிக்குத் தான் இதுவரை செய்ததில்லை, வேண்டுமானால் உங்கள் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்கிறேன் என்றார். ஆகவே நானே செய்தேன். கராஜ் வாசலுக்கு வெளியே இயந்திரத்தை நிறுத்தி, சந்தனம் பூசி, நான்கு சக்கரத்துக்கும் கீழே தேசிக்காய் வைத்து, கற்பூரம் கொளுத்தினேன். தேங்காயைக் கத்தியால் ஒரே அடியில் உடைத்து, இந்தப் பக்கம் ஒரு பாதி, அந்தப் பக்கம் ஒரு பாதி வைத்தேன். இயந்திரத்தின் வாயைத் தூக்கி வைத்துக்கொண்டு தேசிக்காய்களை நசித்தபடி பத்தடி முன்னுக்குப் போய், பத்தடி பின்னுக்கு வந்து, கராஜுக்குள் ஏற்றினேன். புஷ்பராணி வீடியோ எடுத்தாள்.

"தேங்காயை எடுத்து உள்ளுக்கு வையுங்கோ. சம்பலுக்கு ஆகும்" என்றாள்.

"பேந்து எடுக்கிறன்" என்றேன்.

வீடியோவைப் போனில் எங்கள் ஆட்களின் குழுவில் போட்டேன். கிடங்கில் என்னோடு வேலை செய்கிற கஜீவன் உடனே கைதட்டுகிற படம் அனுப்பினான். பிறகு ஒருவர், பிறகு இன்னொருவர். இருட்டும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்து மூன்று பேர் கைதட்டினார்கள்.

காலையில் எழுந்து பார்த்தால் முழங்கால் உயரத்துக்குப் பனி. ஆனால் வானம் வெளித்திருந்தது, பெரிய வீதிகளை நகரசபை வழித்துவிட்டது. சோதனை நிச்சயம் நடக்கும். அவளைக் கொண்டுபோய் விட நான் வேலைக்கு லீவு போட்டிருந்தேன். எட்டு மணிக்கு மூன்று காற்சட்டை போட்டுக்கொண்டு கராஜுக்குப் போனேன். எங்கள் கராஜ் ஒடுங்கி நீண்டது. உள்ளே கார், அதற்கு முன்னால் கதவோரம் இயந்திரம். வெளியே ஒருபக்கம் பக்கத்து வீட்டு மதில், மறுபக்கம் எங்கள் வேலி. இயந்திரம் வெளியேறினால்தான் கார் வெளியேறும்.

முதல் மூன்றடியும் நான் கனவில் கண்ட மாதிரியே இருந்தது. பனி குழாயால் எழும்பி வேலிக்கு மேலாகப் போய் விழுந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன், புஷ்பராணி பார்க்கிறாளா என்று.

டக் என்றது இடதுபக்கம். அடுத்த நொடி வலதுபக்கமும் டக் என்றது. தேங்காய்க்குப் பாதி இரண்டுதானே.

எஞ்சின் ஓடியது, பெல்ட் ஓடியது, இரும்புச் சுருள்கள் மட்டும் அசையவில்லை. எட்டிப் பார்த்தேன். கல்லாக இறுகிப்போன எங்கள் தேங்காய் இடதுபக்கச் சுருளுக்குள் வெள்ளையாகச் சிரித்துக்கொண்டு இருந்தது. இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். எனக்கோ ஆத்திரம். சுழலாவிட்டால் என்ன, தள்ளிக்கொண்டு போகலாம் என்று முழு வேகத்தில் முன்னுக்கு விட்டேன். நாலடி போய், வாய் பனிக்குள் புதைந்து, பின்சக்கரங்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கின. பின்னுக்கும் வரவில்லை. இயந்திரம் வழியின் நட்டநடுவில் நின்றது, அதற்குப் பின்னால் கார், அதற்குள் என் மனைவியின் சோதனை.

இறங்கிப் போய், சுருளுக்குள் கையை விட்டுத் தேங்காயைப் பிடித்தேன்.

"முதல் எஞ்சினை நிப்பாட்டுங்கோ" என்றாள் புஷ்பராணி. பின்னாலேயே வந்து நின்றிருக்கிறாள். எட்டிச் சாவியைத் திருப்பி அவளே நிறுத்தினாள். பாதுகாப்புப் பொறுப்பாளரான நான் கையை வெளியே எடுத்தேன்.

மணி எட்டு முப்பத்தைந்து. அவள் பூட்ஸ், ஜாக்கெட் எல்லாம் போட்டு, சோதனைக்குரிய கடதாசிகளைப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தாள்.

"டாக்ஸிக்கு அடிச்சுப் பாத்தன், ஒண்டரை மணித்தியாலமாம். பஸ்ஸும் நேரத்துக்குப் போய்ச் சேராது. சவிரிமுத்து அண்ணையைக் கூப்பிடட்டோ?"

"அவனை வேண்டாம்."

"அப்ப என்ன செய்யிறது?"

"இது என்ன கடைசிச் சோதனையே? இன்னொரு நாள் தருவாங்கள்தானே" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "பேந்து எடுக்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. இப்படித்தான் சொல்வேன் என்று தெரிந்தவள் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்கே தெரிந்தது, அதைச் சொன்னபோது எனக்குள் ஒரு சின்ன நிம்மதி இருந்தது. அவள் போகாவிட்டால் நல்லது என்று என்னில் ஒரு பகுதி நினைத்தது. அவள் லைசென்ஸ் எடுத்துவிட்டால் நான் எதற்கு என்று அந்தப் பகுதி பயந்துகொண்டு இருந்திருக்கிறது, தொட்டில் காலத்திலிருந்தே. முழங்கால்வரை பனியில் நின்றுகொண்டு நான் வெட்கப்பட்டேன். இதை நான் அவளுக்கு இன்றுவரை சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது என்றும் நான் நம்பவில்லை.

அவள் கைப்பையிலிருந்து கையேட்டை எடுத்தாள். ஒரு பக்கத்தில் பஸ் ரிக்கெட்டை அடையாளமாக வைத்திருந்தாள்.

"இதை எப்ப வாசிச்சனீர்?"

"பஸ்ஸிலை. பிரெஞ்சு பழக வேணுமெண்டு கிடைக்கிறதெல்லாம் வாசிக்கிறனான்." பக்கத்தில் விரலை வைத்தாள். "இஞ்சை கிடக்கு. உடையிறதுக்கெண்டே செய்த போல்ட்டாம். ஏதும் இறுகிச்செண்டால் அது உடையும், மிசின் தப்பும். பக்கத்துக்கு ஒண்டு. மேலதிகமா இரண்டு, சின்னப் பையிலை போட்டுத் தருவினமாம்."

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் குசினி ஜன்னலைப் பார்த்தோம்.

பிள்ளையாரையும் முருகனையும் லட்சுமியையும் அவள் ஒவ்வொருவராகத் தூக்கி மைக்ரோவேவுக்கு மேல் இருத்தினாள். நான் தட்டைக் கழற்றினேன். பிறகு பனிக்குள் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, முறிந்த துண்டுகளைத் தட்டி எடுத்துவிட்டு, புதிய போல்ட் இரண்டையும் ஏற்றினேன். என் வயிறு இடம் கொடாத மூலையில் அவள் கையை விட்டுச் சுரையை இறுக்கினாள். தேங்காயை ஸ்க்ரூட்ரைவரால் தோண்டி எடுத்தேன். இப்போது அது சம்பலுக்கு ஆகாது. மணி ஒன்பது பத்து.

"பின்சில்லு சும்மா சுத்துறதுக்கு என்ன செய்யிறது?" என்றேன்.

அவள் பக்கத்தைப் புரட்டினாள். "முன்னுக்குப் பாரமெண்டபடியால் பின்னுக்கும் பாரம் கட்ட வேணுமாம். கட்டினீங்களோ?"

"அது மெலிஞ்ச ஆக்களுக்கு எண்டு நினைச்சன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"அரிசி மூட்டை இரண்டு கிடக்கு, கட்டுவமே?" என்றேன்.

"அரிசி காணாது. நீங்கள் ஏறுங்கோ."

"நான் பின்னாலை ஏறினால் ஆர் ஓட்டுறது?"

அவள் ஏற்கெனவே சீட்டில் இருந்துவிட்டாள். வண்டியின் பின்னால், ட்ரெயிலர் கொளுவுகிற இடத்தில் ஒரு தகடு இருக்கிறது. அதில் ஏறி, சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, தொண்ணூற்றெட்டுக் கிலோவையும் பின்னுக்குச் சாய்த்தேன். கிடங்கில் யாராவது இப்படி நின்றிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

அவள் சீட்டை முன்னுக்கு இழுத்தாள். இல்லாத கண்ணாடியைப் பார்த்தாள். இடது தோளுக்கு மேலால் பார்த்தாள், வலது தோளுக்கு மேலால் பார்த்தாள். இரண்டு பக்கமும் நான்தான் தெரிந்திருப்பேன். பிறகு மெல்லமாகப் பின்னுக்கு எடுத்தாள். சக்கரம் பிடித்தது. வாயைச் சற்றுத் தூக்கி, மேற்பனியை முதலில் எடுத்து, பிறகு தாழ்த்தி அடிப்பனியை எடுத்து, அவசரமே இல்லாமல் போனாள். பனி வேலிக்கு மேலாகப் பறந்தது. அணில் ஏதும் வந்திருந்தால் நிச்சயம் நிறுத்தியிருப்பாள்.

தெரு வாசலை அடையும்போது சவிரிமுத்துவின் டிராக்டர் எதிரே வந்து நின்றது. அவர் கதவைத் திறந்து, ஓட்டுகிறவளைப் பார்த்தார். பின்னால் தொங்கிக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்தார்.

"அண்ணை, நீங்கள் என்ன செய்யிறியள்?"

"பாரமா நிக்கிறன்" என்றேன்.

"அது உங்களுக்குச் சரிவரும்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. வருவதற்கு நேரமும் இல்லை. நகரசபை வண்டி வாசலில் குவித்துவிட்டுப் போயிருந்த கட்டிப்பனியை அவர் கேளாமலே ஒரே தள்ளில் ஓரமாக்கினார். புஷ்பராணி கையை உயர்த்தி, "மெர்சி, அண்ணை" என்றாள். நான் தகட்டிலிருந்து இறங்கி, "நன்றி தம்பி, அடுத்த முறையிலிருந்து நீங்களே வாங்கோ" என்றேன். அவர் சிரிக்காமல் தலையாட்டியதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பத்துப் பத்துக்குச் சோதனை நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சோதனைக்கு அங்கேயே ஒரு கார் கொடுப்பார்கள். அவள் ஒரு அதிகாரியோடு வெளியே போனாள். நான் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். உருகிய பனி என் மூன்று காற்சட்டைகளையும் தாண்டி நிலத்தில் குளம் கட்டியது. நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் கடவுளே அவள் தேற வேண்டும் என்று முழுமனதாகத்தான் கேட்டேன். மைக்ரோவேவுக்கு மேல் இருக்கிறவர்களிடம் கேட்க எனக்கு முகமில்லை என்றாலும் கேட்டேன்.

அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் ஒரு கடதாசி.

"பாஸ்" என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "வெளியிலை சரியான குளிர்" என்றேன். நாங்கள் கட்டடத்துக்குள்ளே நின்றோம்.

திரும்பி வரும்போது அவள்தான் ஓட்டினாள். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, எஞ்சினை நிறுத்தாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள்.

"நான் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைச்சிட்டு வாறன்."

"நில்லும், உடுப்பை மாத்திக்கொண்டு நானும் வாறன்."

அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "சாமியெல்லாம் மைக்ரோவேவுக்கு மேலை நிக்குது. முதல் அதைப் பூட்டுங்கோ. உங்களைப் பேந்து கூட்டிக்கொண்டு போறன்."

இரண்டு தோளுக்கு மேலாலும் பார்த்துவிட்டுப் பின்னுக்கு எடுத்தாள். கார் தெருமுனையில் முழுதாக நின்று, பிறகு திரும்பி மறைந்தது. அந்தச் சொல் கேட்கிற பக்கத்தில் எப்படி இருக்கும் என்று ஐம்பத்தெட்டு வயதில் எனக்குத் தெரிந்தது.

உள்ளே போய் ஸ்பானரை எடுத்தேன். சாமித்தட்டைச் சுவரோடு வைத்துப் பிடித்த பிறகுதான் நினைவு வந்தது, அதற்குரிய இரண்டு போல்ட்டும் இயந்திரத்தில் இருக்கின்றன. கடைக்குப் போகலாம் என்று கார்ச் சாவி தொங்குகிற கொழுக்கியைப் பார்த்தேன். சாவி இல்லை. சாவி கோயிலுக்குப் போய்விட்டது.

ஆகவே ஜாக்கெட்டை மறுபடி போட்டுக்கொண்டு தெருமுனைப் பஸ் தரிப்புக்கு நடந்தேன். மறைப்பு ஏதும் இல்லாத தரிப்பு அது, காற்று நேரே முகத்தில் அடிக்கும். எத்தனை மணிக்குப் பஸ் என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டேன். இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார். புஷ்பராணி இந்தத் தரிப்பில் நின்ற குளிர்காலங்களை நான் எண்ணிக்கொண்டு நின்றேன்.